பொதுக் கொடியில் காய்ந்த சட்டை

உங்களில் பலருக்கும் என்னைப் போல இரண்டு பெயர் இருக்கும். ஒன்று அடையாள அட்டையில் இருப்பது, இன்னொன்று கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வது. எனக்கு அதோடு இரண்டு அப்பா, இரண்டு அம்மா, இரண்டு பிறந்த நாள். இதை நம் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். பேத்தியிடம் சொன்னால் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்படின்னா உங்களுக்கு ரெண்டு மடங்கு பரிசு கிடைச்சிருக்குமே" என்று பர்மியத்தில் சொல்வாள். கிடைத்தது என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது எனக்கு ஏழு வயது. அப்பா போட்டாதாங் கப்பல் துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் துறை, கிட்டங்கி, கடை எல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போயின. வெளிநாட்டார் சான்றிதழ் வைத்திருந்தவர்களை முதலில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அப்பா பிறந்தது இந்த ஊரில்தான். அதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். முதுகில் மூட்டையின் தடம் மாறாத மனிதர் வீட்டில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வரிசை வீடுகளுக்குத் தலைவர் வந்தார். அவரை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். தமிழ் அப்பாவுக்கும் பர்மிய அம்மாவுக்கும் பிறந்தவர். அவரிடமும் அவர் மனைவியிடமும் குடியுரிமை அட்டை இருந்தது. விவசாயம் படிக்க அரசாங்கம் அவரை ஒரு வருஷம் யூதர்களின் நாட்டுக்கு அனுப்பியிருந்தது. அங்கிருந்து ஒரு வெள்ளைத் துணித் தொப்பியும், ஒரு கட்டுப் புகைப்படங்களும், கொஞ்சம் தக்காளி விதையும் கொண்டு வந்திருந்தார்.

படங்களைக் கைமாற்றிப் பார்த்தோம். அரைக்கால் சட்டை போட்ட பெண்கள் மண்வெட்டியோடு சிரித்தார்கள். நீளமான மேசையில் நூறு பேர் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

"இவங்கள்லாம் யாருன்னு நெனைக்கிறீங்க? தையக்காரன், கடைக்காரன், வாத்தியாரு. பல ஊர்லேருந்து கப்பல்ல வந்து எறங்கினவங்க. ஏர் புடிச்ச கை ஒண்ணுகூடக் கெடையாது. இன்னிக்கி அந்த மண்ணு அவங்க மண்ணு. புதுப் பேரு வெச்சிக்கிட்டாங்க, புதுப் பாஷை பேசுறாங்க. நாமளும் மண்ணத் தொட்டா எவன் நம்மளக் கலான்னு சொல்லுவான்?"

கலா என்பது இங்கே நம்மை வந்தேறி என்று கூப்பிடும் சொல். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லிலிருந்து தப்பிக்க அப்பா என்ன வேண்டுமானாலும் செய்திருப்பார். செய்தார்.

அந்தப் படங்களில் வரப்புக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை.

மழை முடிந்ததும் ஐந்து குடும்பங்கள் கியாக்தானுக்குப் போய், ஊரைத் தாண்டி ஒரு கால்வாய் ஓரம் இறங்கினோம். தலைவர் மனுப்போட்டு வாங்கிய நிலம். பெரியவர்களுக்கு ஐந்து குடிசை, நடுவில் பொதுச் சமையல் கொட்டகை, கொஞ்சம் தள்ளிப் பிள்ளைக் கொட்டகை. தலைவர் பார்த்து வந்த அந்த நாட்டுப் பண்ணையில் பிள்ளைகள் பெற்றோருடன் தூங்குவதில்லையாம். நாங்களும் தூங்கக் கூடாது என்று முடிவாயிற்று. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவரவர் அம்மாவிடம் போகலாம். துறையிலிருந்து கொண்டு வந்த நங்கூரச் சங்கிலியின் ஒரு வளையத்தை மரத்தில் தொங்கவிட்டு இரும்பால் அடிப்பார்கள். ஒரு முறை அடித்தால் ஓட வேண்டும், மறுமுறை அடித்தால் திரும்பி வர வேண்டும். அந்தச் சத்தம் முடிந்த பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் நிற்கும்.

கொட்டகையில் நாங்கள் ஆறு பிள்ளைகள். தலைவரின் மகளும் அதில் ஒருத்தி. என்னைவிடச் சில மாதம் மூத்தவள். என் தம்பி மட்டும் வரவில்லை. அவனுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அந்த நாட்டில் கைக்குழந்தைகளுக்கும் தனி இடம் உண்டு என்று தலைவர் எடுத்துச் சொன்னார். அம்மா தம்பியை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவன் பால் குடிக்கிறவன். பால் மறக்கட்டும், பாக்கலாம்" என்றாள்.

அவன் பாலை மறக்கவே இல்லை. மறக்க அம்மா விடவில்லை என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அவன்மேல் எரிச்சல்தான் வந்தது.

எல்லாம் பொது. அம்மாவின் பித்தளை அண்டா, அப்பாவின் கோட்டு, பக்கத்துக் குடிசை அக்காவின் தையல் இயந்திரம் எல்லாம் பொதுவுக்குப் போயின. துணியும் பொது. வாரத்துக்கு ஒரு முறை எல்லாத் துணியையும் ஒன்றாகத் துவைத்து ஒரே கொடியில் காயப்போட்டு, அளவு பார்த்துக் கொடுப்பார்கள். கொட்டகையில் நான்கு பெண்பிள்ளைகள். கடையில் நீலக் கட்டம் போட்ட துணி ஒன்று வாங்கி, அம்மாதான் அந்த இயந்திரத்தில் நான்கு சட்டை தைத்தாள். நான்கும் ஒரே அளவு. கஞ்சி வாசனையும், அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாசனையும் அடிக்கும்.

ஒன்றில் மட்டும் அம்மா உள்மடிப்பில் சிவப்பு நூலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டாள். என்னிடம் அதைத் தொட்டுக் காட்டினாள். "இதக் கேட்டு வாங்கிக்கோ. சத்தமில்லாம" என்றாள்.

மூன்றாவது சலவையில் பிடிபட்டோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஙப்பி என்கிற மீன் விழுதுக் குழம்பின் நெடி கொட்டகை முழுவதும் அடித்துக்கொண்டிருந்தது. தலைவரின் மனைவி, நாங்கள் தலைவரம்மா என்போம், என் சட்டையை உள்பக்கம் திருப்பி எல்லாருக்கும் காட்டினார்.

"பொதுச் சட்டையில செவப்பு நூலு எதுக்கு?"

"அது எம் பொண்ணு சட்டை" என்றாள் அம்மா.

"நாலும் நீதானே தச்சே. நாலும் நம்ம புள்ளைங்களுக்குத்தானே?"

தலைவர் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்பட மாட்டார், அதுதான் அவரோடு இருந்த கஷ்டம். "தங்கச்சி, இன்னிக்கி சட்டையில நூலு போடுவோம். நாளைக்கி வரப்புல வேலி போடுவோம். அப்பறம் எதுக்கு இங்க வந்தோம்?" என்றார்.

கத்தரிக்கோலை அம்மாவிடமே கொடுத்தார்கள். அத்தனை பேர் முன்னால் அம்மா தன் கையாலேயே அந்த நூலைப் பிரித்தாள். அப்பா சோற்றுத் தட்டோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கேலிச் சிரிப்பு அல்ல, நம் வீட்டிலும் ஒரு தவறு திருந்தியது என்ற திருப்தி. அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நூல் போன துளைகள் அடுத்த சலவையில் மூடிக்கொண்டன. ஆனால் எனக்கும் அம்மாவின் பிடிவாதம் கொஞ்சம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் அந்தச் சட்டையின் கடைசிப் பொத்தானின் ஓரத்தைப் பல்லால் கடித்து உடைத்து வைத்தேன். துணி கொடுக்கும்போது முதல் ஆளாக நின்று பொத்தானைத் தடவிப் பார்த்து எடுத்துக்கொள்வேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு மறுபடியும் கத்தரிக்கோலைக் கொடுப்பார்களோ என்று பயம்.

இது நடந்து கொஞ்ச நாளில் வீட்டுப் பட்டியல் எழுத ஒரு குமாஸ்தா வந்தார். தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. மற்ற பெற்றோருக்கெல்லாம் வெளிநாட்டார் சான்றிதழ்தான். பிள்ளைகளை அவர்கள் பேரில் எழுதினால் பிள்ளைகளும் வெளிநாட்டார். ஆனால் இந்தப் பண்ணையில் பிள்ளைகள் எல்லாருக்கும் பொது அல்லவா? கொட்டகைப் பிள்ளைகள் ஆறு பேரையும் தன் பிள்ளைகளாக, பர்மியப் பெயரில், தன் வீட்டுப் பட்டியலில் எழுதிவிட்டால் ஒரே நாளில் ஆறு பேரும் இந்த மண்ணின் குடிமக்கள். குமாஸ்தாவுக்கு ஒரு கோழி கொடுத்தார்கள். அந்தப் பட்டியலின்படி தலைவரம்மா ஒரே வருஷத்தில் மூன்று முறை பிள்ளை பெற்றிருக்கிறார். குமாஸ்தா சிரித்துக்கொண்டே எழுதினார்.

எல்லாருக்கும் சந்தோஷம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, தயவுசெய்து அப்படி நினைத்துவிடாதீர்கள். எங்களைக் காப்பாற்றத்தான் எழுதினார்கள். அம்மா மட்டும் கேட்டாள், "எழுதினா எழுதினதுதானே? பின்னால அழிக்க முடியுமா?"

"வெறும் காயிதந்தானே தங்கச்சி" என்றார் தலைவர்.

தம்பி கொட்டகைப் பிள்ளை இல்லை. அதனால் அவன் அம்மாவின் சான்றிதழிலேயே இருந்தான்.

பண்ணை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆயுசு முழுவதும் நெல் மூட்டை தூக்கியவர்களுக்கு நெல் விளைவிக்கத் தெரியவில்லை. அந்த வறண்ட நாட்டுத் தக்காளி எங்கள் சேற்றில் வேர் அழுகிச் செத்தது. பக்கத்து ஊர்க்காரர்களின் எருமைகள் தண்ணீருக்குப் போகும் வழியை நாங்கள் மூங்கில் வைத்து அடைத்திருந்தோம். வேலி கூடாது என்று சொன்ன தலைவர்தான் அந்த வேலிக்கு அளவு போட்டார். பௌர்ணமிக்குக் கால்வாயில் உப்புத் தண்ணீர் ஏறும், மடையை அடைக்க வேண்டும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் எங்களிடம் ஏன் சொல்ல வேண்டும்? ஒரு காலையில் பார்த்தால் நட்டதெல்லாம் முட்டளவு உப்புத் தண்ணீரில் நின்றது. கரையில் நின்று பார்த்த அந்த ஊர்க் கிழவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

பிறகு நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. சான்றிதழ்க்காரர்களுக்கு இந்தியாவுக்குக் கப்பல் விடுகிறார்கள், வேண்டியவர்கள் போகலாம் என்றும் செய்தி வந்தது. மற்ற குடும்பங்கள் நகரத்தை ஒட்டிய தாகேதாவில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தன. அப்பாவுக்கு மட்டும் மனசு முறிந்துவிட்டது. நகரத்துக்குப் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தார். அவர், அம்மா, தம்பி. என் பெயரைச் சொன்னதும் அங்கிருந்த அதிகாரி பட்டியலைப் பார்த்து, "இவள் பர்மாக்காரியின் மகள், அடுத்தவன் பிள்ளையைக் கப்பலில் ஏற்றப் பார்க்கிறாயா?" என்று கேட்டாராம்.

சமையல் கொட்டகையில் அன்று நடந்த பேச்சைத் தலைவரம்மா சாவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் என்னிடம் சொன்னார்.

"சேத்து எழுதச் சொல்லுங்க" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"இப்ப மாத்தினா மொதல்ல எழுதினது பொய்யின்னு ஆயிடும். ஆறு புள்ளைக்கும் அட்டை போயிடும், என்னைய உள்ள தள்ளிருவான். மூணு மாசம் பொறு தங்கச்சி. எல்லாம் அடங்கினதும் நானே அடுத்த கப்பல்ல ஏத்தி விடுறேன்" என்றாராம் தலைவர்.

"அவள விட்டுட்டு நான் வரல."

"கைப்புள்ளைய வெச்சிக்கிட்டு இங்க என்ன திம்பே? மூணே மாசந்தான்னு அவரு சொல்றாருல்ல?" இது அப்பா.

அதற்கு மேல் அம்மா பேசவில்லையாம். பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நம் வீடுகளில் அப்படித்தானே எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் அழுதால் பெரியவர்கள் உடைந்துபோவார்கள் என்று தலைவர் முடிவு செய்தார். அதனால் அன்று எங்கள் ஆறு பேரையும் மாட்டுவண்டியில் கியாக்தானுக்கு, ஆற்றின் நடுவில் இருக்கும் தீவுக் கோயிலைப் பார்க்க அனுப்பினார்கள். அது நாங்கள் பல நாள் கேட்டு நச்சரித்த பயணம். நான் என் பொத்தான் உடைந்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். மற்ற மூன்றும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. காலையில் அம்மா வந்து எனக்குத் தலை சீவினாள். அது அவளுக்குரிய நேரமே இல்லை, ஆனாலும் தலைவரம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சடை பின்னினாள். பிரித்தாள். மறுபடியும் பின்னினாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"விடும்மா, வண்டி போயிடும்" என்றேன்.

அதுதான் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது.

தீவில் பெரிய பெரிய கெளுத்தி மீன்கள் வாயைத் திறந்துகொண்டு படிக்கட்டுவரை வரும். பொரி போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். நான் கை வலிக்கும்வரை பொரி போட்டேன். சாயங்காலம் திரும்பி வந்ததும் சங்கிலி வளையம் அடித்தது. எல்லாரும் அவரவர் அம்மாவிடம் ஓடினார்கள். நானும் ஓடினேன். எங்கள் குடிசையில் அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளிச் சுத்தம் செய்து வைத்திருந்தாள்.

மறுநாள் இன்னொரு கூத்து. கொடியில் இருந்த நீலக் கட்டச் சட்டைகளில் ஒன்றைக் காணோம். தலைவரம்மா தேடினார். அவர் தேடியது ஏதோ ஒரு சட்டையை அல்ல, தன் மகளின் சட்டையை. அதன் உட்பக்கம் ஒரு சின்னப் பை தைத்து வைத்திருந்தாராம். மகள் பைக்குள் தனக்கென்று புளிப்பு மிட்டாய் வைத்துக்கொள்ள. என் அம்மாவின் நூலைப் பிரிக்க வைத்த அதே மனுஷி. யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அதற்குள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டை விஷயத்தில் ஏற்கெனவே மாட்டியவள் நான்தானே. அம்மா போன கோபத்தில் ஒளித்து வைத்துவிட்டேன் என்று முடிவாயிற்று. இல்லை என்றேன். வெயிலில் கொடிக் கம்பத்தின் அடியில் நிற்க வைத்தார்கள். மத்தியானம்வரை நின்றேன். அம்மா எங்கே என்று கேட்டுத்தான் அழுதேன். சட்டையை எடுத்ததற்காக அழுகிறேன் என்று நினைத்து உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

மூன்று மாசம் ஆயிற்று, மூன்று வருஷம் ஆயிற்று. பண்ணை கலைந்து தாகேதாவுக்கு வந்தோம். தலைவர் ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை பார்த்தார், அந்த வெள்ளைத் தொப்பியோடு. கப்பல் என்று நான் கேட்கும்போதெல்லாம், "பாக்கலாம்மா" என்பார். என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, தன் மகளோடு ஒன்றாகப் படிக்க வைத்தார். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லியும் இருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் நாக்கு கசக்கும்.

அவர் மகள் காகிதப்படி என் அக்கா. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இருவருக்கும் கல்யாணம் ஆகி, இருவரும் புருஷனைப் பறிகொடுத்து, இப்போது ஒரே தெருவில் இருக்கிறோம். தினமும் சாயங்காலம் தேநீருக்கு வந்துவிடுவாள். கெட்டவள் அல்ல. ஆனால் வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும், "எங்க ஒளிச்சு வெச்சே? சட்டைய ஒளிச்சவதானே நீ" என்பாள். அறுபது வருஷமாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பேத்தி போனைக் கொண்டு வந்து நீட்டினாள். அவள் எங்கேயோ யார் யாரையோ விசாரித்து, தமிழ்நாட்டில் பர்மாவிலிருந்து போனவர்கள் குடியிருக்கும் ஒரு காலனியில் என் தம்பியைப் பிடித்துவிட்டாள். திரையில் வழுக்கைத் தலையோடு ஒரு கிழவர் அழுதுகொண்டிருந்தார். அப்பா அங்கே போன மறு வருஷமே இறந்துவிட்டாராம். அம்மா பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு.

"எத்தனையோ லெட்டர் போட்டாங்கக்கா. எல்லாம் திரும்பி வந்துருச்சு" என்று சில உறைகளைக் காட்டினான். என் தமிழ்ப் பெயர், தாகேதா விலாசம். குறுக்கே பர்மிய எழுத்தில், இப்படி யாரும் இங்கே இல்லை என்று எழுதியிருந்தது. தலைவரின் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? எனக்கு அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். பயந்திருப்பார். உள்ளே தள்ளிவிடுவான் என்று பயந்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

பிறகு தம்பி ஒரு தகரப் பெட்டியைத் திறந்தான்.

"இது தெரியுதாக்கா? உங்க சட்டை. கெளம்பற அன்னிக்கி கொடியிலேருந்து எடுத்தாங்களாம். வருஷா வருஷம் உங்க பொறந்த நாளுக்கு இத வெளிய எடுப்பாங்க. தொவைக்க விட மாட்டாங்க. எம் பொண்ணு வாசம் போயிடும்பாங்க. கடைசியில தலைமாட்டுலதான் இருந்துச்சு."

அட்டையில் இருக்கும் என் பிறந்த நாள் குமாஸ்தா போட்டது. நிஜமான நாள் எது என்று அப்போதுதான் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சட்டையிலேயே இருந்தது. நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கடைசிப் பொத்தானைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. அவன் சட்டையை விரித்துக் காட்டியபோது உட்பக்கம் ஒரு சின்னப் பை தெரிந்தது.

அக்காவும் பார்த்துவிட்டாள். அவள் கை என் முழங்காலைப் பிடித்தது. "அது என்னுது" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அன்று என் சட்டை என் உடம்பில் இருந்தது. அதுதான் என்னுடையது என்று அம்மாவுக்குத் தெரியாது, பொத்தானைப் பற்றி நான்தான் சொல்லவில்லையே. நான் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தேன். கொடியில் மிச்சமிருந்த மூன்றில் எது தன் மகளுடையது என்று அம்மா தேடியிருக்கிறாள். அடையாளத்தைத்தான் அவள் கையாலேயே பிரிக்க வைத்துவிட்டார்களே. உட்பக்கம் தடவிப் பார்த்திருப்பாள். அந்தச் சின்னப் பை கையில் பட்டிருக்கும். எந்த அம்மாவோ தன் பிள்ளைக்கென்று ரகசியமாகச் செய்த வேலை என்று தெரிந்திருக்கும். இருந்தும் எடுத்தாளா, அவசரத்தில் தடவாமலே எடுத்தாளா, என்னால் சொல்ல முடியவில்லை. அறுபது வருஷம் நான் சுமந்த திருட்டு என் அம்மா செய்தது. என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவளின் மகளுடைய சட்டையில் என் வாசனை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அம்மா செத்துப்போயிருக்கிறாள்.

"உங்க சட்டைதானேக்கா?" என்று தம்பி கேட்டான். என் முகத்தைப் பார்த்து அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஆமா தம்பி. என்னுதுதான்."

"யாராச்சும் அங்க வந்தா குடுத்து விடட்டுமா?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். அறுபது வருஷத்துக்குப் பிறகு எனக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் பக்கம் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

"வேணாம். அம்மா வெச்ச எடத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

இங்கே வந்தால் அதை உரியவளிடம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வீட்டுக்கு என் அம்மாவிடமிருந்து போனது போதும்.